ஜூராகானின் வலது கண்

மலையூரான நாரினின் பேருந்து நிலையத்தில் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் ஜூராகான் உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. அவளைத் தெரியாத ஆள் ஊரில் கிடையாது. அவள் முகத்தை முழுசாகப் பார்த்த ஆள்தான் குறைவு. நாற்காலியை ஜன்னலுக்கு நேராகப் போடமாட்டாள். ஒருக்களித்துப் போட்டு, இடது கன்னத்தைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டு வலது கன்னத்தைத் தலைக்குட்டைக்குள் வைத்துக்கொள்வாள். டிக்கெட்டும் பேச்சும் அந்த ஒரு பக்கத்திலிருந்தே வரும்.

காரணம் இல்லாமல் இல்லை. உதட்டைக் குவித்தால் அவளுடைய வலது கண் தானாக மூடிக்கொள்ளும். "பிஷ்கெக்" என்று ஊர்ப் பெயர் சொன்னால் தப்பித்தாள். "கொச்கோர்" என்றால் போச்சு. ஒரு ஆகஸ்டில், தெற்கிலிருந்து முலாம்பழம் ஏற்றி வந்த லாரிக்காரன் ஒருவன் ஒன்பது மணிப் பஸ் எங்கே போகிறது என்று சும்மா கேட்டான். அவள் "கொச்கோர்" என்றாள். கண்ணும் அடித்தது. மறுநாளும் வந்து அதையே கேட்டான். மூன்றாம் நாள் இரண்டு முலாம்பழத்தை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். சொந்த லாரி வைத்திருக்கிறவனுக்குப் பஸ் எங்கே போனால் என்ன என்று பக்கத்து ஜன்னல்காரி கேட்ட பிறகுதான் ஜூராகானுக்கு விஷயம் உறைத்தது. நிலையம் முழுக்க ஒரு வாரம் சிரித்தது. அன்றிலிருந்து அந்த ஊர்ப் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டாள். யாராவது கேட்டால் பலகையைக் கை காட்டுவாள்.

இது சிரிக்கக்கூடிய வெட்கம். சிரிக்க முடியாத ஒன்றும் அவளிடம் இருந்தது. எட்டு வருஷமாக அதை யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தாள், புருஷனுக்குக்கூட. புருஷனுக்குத்தான் முக்கியமாகத் தெரியக்கூடாது.

ஆரம்பம் பதினாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி. காலையில் தேநீரை வாயில் வைத்தாள், வலது ஓரத்தில் வழிந்து நெஞ்சை நனைத்தது. துடைத்துவிட்டு மறுபடி குடித்தாள், மறுபடி வழிந்தது. எதிரே இருந்த மாமியார் சல்கின் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, உன் மூஞ்சி பாதியைக் காணோமே!"

டிக்கெட் ஜன்னலின் இடுக்கு வழியாகக் காற்று அடித்துவிட்டது என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. மருத்துவமனையில் மாத்திரை கொடுத்து, பொறுமையாக இரு என்றார்கள். சல்கின் தன் வைத்தியத்தை எடுத்தாள். விடிந்ததும் மருமகளைக் கிழக்குப் பார்க்க உட்கார வைத்து, வாய் நிறையக் குளிர்ந்த தண்ணீரை எடுத்து அவள் முகத்தில் புஸ்ஸென்று ஊதுவாள். பிறகு ஆர்ச்சா என்கிற மலை மரத்தின் இலையைக் கொளுத்திப் புகை காட்டுவாள். நாற்பது நாள், ஒரு நாள் தவறவில்லை. சல்கினுக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை இருந்தது. கொஞ்சம் ருசியும் இருந்தது என்று ஜூராகான் நினைத்துக்கொள்வாள்.

பொறுமையாக இருக்க ஜூராகானால் முடியவில்லை. மாட்டுக் கொட்டகையில் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் செருகி வைத்து, பல்லைக் கடித்து, கன்னத்தை இழுத்து, கண்ணைப் பிதுக்கித் தினமும் முகத்தோடு மல்லுக்கட்டினாள். பசுக்கள் வாயை அசைபோட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தன. வலது கடைவாயில் குரூத் உருண்டையை, கல்லு மாதிரிக் காய்ந்த அந்தப் புளித்த தயிர்க் கட்டியை, அடக்கி வைத்து மென்று தள்ளினாள். மே மாதம் முகம் திரும்பி வந்தது. ஆனால் போன முகம் வரவில்லை. சிரித்தால் கண் மூடியது. கண்ணை மூடினால் வாய் மேலே ஏறியது. கன்னத்துக்குள் கயிறு முறுக்கின மாதிரி ஒரு இறுக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: எதையாவது மென்றால் போதும், வலது கண்ணிலிருந்து கண்ணீர் கொட்டும். துளியாக இல்லை, தாரையாக.

முதல் தடவை அதைப் பார்த்ததும் சல்கின் சொன்னாள்: "சோத்தைப் பார்த்து அழறவளை இந்த வீட்டுல நான் பார்த்ததில்ல. ஊர்ல என்ன சொல்லுவாங்க? மருமகளுக்கு மாமியார் சோறு போடல, இல்ல போட்ட சோத்துக்கு அழ வைக்கிறான்னுதானே? இனிமே சமாவர்கிட்ட உட்காரு. எல்லாருக்கும் டீயை ஊத்து. எல்லாரும் எந்திரிச்சதும் தின்னுக்கோ."

தேநீர் கொதிக்கிற சமாவர் பக்கம் மருமகளுடைய இடம்தான், கதவோரம், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி. அங்கே உட்கார்ந்து தேநீர் ஊற்றுகிறவள் சாப்பிட்டாளா இல்லையா என்று எந்த வீட்டிலும் யாரும் பார்ப்பதில்லை. அந்த வழக்கத்துக்குள் ஜூராகான் ஒளிந்துகொண்டாள். புருஷன் இஷெனாலி தோலோன் கணவாயில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். குளிர்காலம் பூராவும் பாதி நாள் மலையில்தான் கிடப்பான். வீட்டில் இருக்கிற நாளிலும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் டிவிக்கு நேராக உட்காருவான். மல்யுத்தமோ செய்தியோ, கண்ணை எடுக்கமாட்டான். பெண்டாட்டி பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பமாட்டான். நல்லவேளை என்று நினைப்பாள். இந்தக் கோணல் மூஞ்சியைப் பார்க்க எவனுக்குத்தான் பிடிக்கும் என்றும் நினைப்பாள். இரண்டும் ஒரே நேரத்தில் நெஞ்சில் கிடந்தன.

எட்டு வருஷம் இப்படிப் போயிற்று. அதில் கடைசி இரண்டு வருஷம் சல்கின் படுக்கையில். இஷெனாலி கடைசி மகன், பெற்றவர்கள் வீடு அவனுக்கு, ஆகவே பெற்றவளும் அவன் பெண்டாட்டிக்கு. ஜூராகான் அவளைப் புரட்டிப் போட்டாள், துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள். ஊட்டும்போது சல்கின் கண்ணை மூடிக்கொள்வாள். "உன் மூஞ்சியைப் பார்த்தா இறங்க மாட்டேங்குது" என்பாள். அடி மனதில் ஜூராகான் அவளை வெறுத்தாள். அதைச் சொல்லிவிடுவதே நல்லது.

ஒரு நவம்பரில் சல்கின் போய்ச் சேர்ந்தாள். முற்றத்தில் கூடாரம் எழுப்பி உடலை உள்ளே கிடத்தினார்கள். பெண்கள் உள்ளே சுவரைப் பார்க்க உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஆண்கள் வெளியே இடுப்பில் துணி கட்டி, தடியை ஊன்றி, குனிந்து நின்று கத்தினார்கள். ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் உள்ளேயும் வெளியேயும் சத்தம் ஏறும், கூட்டம் உட்கார்ந்ததும் இறங்கும். ஜூராகானும் சத்தம் போட்டாள். ஆனால் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அழுகைக்குப் பதில் வெட்கம்தான் வந்தது. வரும் பெண்கள் கட்டிப்பிடிக்கிற சாக்கில் தலைக்குட்டையை விலக்கி முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் நாத்தனார் பாத்திஷ் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது, ஜூராகானுக்குக் கேட்கட்டும் என்கிற அளவுக்கு உரக்கவே இருந்தது: "இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருக்கா பாரு. எங்கம்மா செத்தது இவளுக்குப் பண்டிகை."

ஜூராகானுக்குக் கழுத்து வரை சூடு ஏறியது. பொய்யாக இருந்திருந்தால் கோபம் வந்திருக்கும். பொய்யில்லையே.

அப்போதுதான் கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு ஒரு பெண் தட்டோடு வந்தாள். தட்டில் ஒரே ஒரு தொடை எலும்பு, கறியோடு, ஆவி பறக்க. மூத்தவர்களுக்கு வைக்கிற பங்கு அது. கடைசி மருமகளுக்கு எந்தக் காலத்திலும் வராது.

"வெளியே பெரியவங்க கொடுத்தனுப்பினாங்க," என்றாள் அந்தப் பெண். "அம்மாவைப் பார்த்துக்கிட்டவ இவதானாம். அம்மாவோட பங்கை இவதான் சாப்பிடணுமாம். இங்கேயே, எல்லார் முன்னாலயும்."

கொடுத்த பங்கை மறுக்க முடியாது, அதுவும் செத்தவளின் பங்கை. ஜூராகான் எலும்பைக் கையில் எடுத்தாள். கடித்தாள், மென்றாள். வலது கண் உடைந்துகொண்டு கொட்டியது. கன்னம், மோவாய், மடி, எலும்பு எல்லாம் நனைந்தது. இடது கண் காய்ந்து கிடந்தது, ஆனால் அந்தப் பக்கம் சுவர், யாருக்கும் தெரியவில்லை. விழுங்க முடியாமல் விழுங்க, தோள் குலுங்கியது. பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி "ஐயோ மகளே!" என்று ஆரம்பித்தாள், கூடாரமே சேர்ந்து அழுதது. முதலில் ஓடி வந்து கட்டிக்கொண்டவள் பாத்திஷ்தான்.

"மன்னிச்சுக்கோடி. அம்மா பங்கைக் கையில எடுத்ததும் உனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சே!"

நெஞ்சு வெடிக்கவில்லை, கறி வெந்திருந்தது, அவ்வளவுதான். ஜூராகானுக்கு வாய் நிறையக் கறி.

அந்த வாரமே பேச்சு பஜார் வரை போய்விட்டது. மாமியாருடைய எலும்பைக் கடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாளாம் மருமகள், மாமியார் என்றால் அவள் மாமியார், மருமகள் என்றால் அவள் மருமகள். வாழ்நாளில் ஒரு நல்ல வார்த்தை பேசாத சல்கினுக்கும் அதில் புகழ் கிடைத்தது. இஷெனாலிதான் எல்லோரையும் விட அதிகம் சொன்னான். பேசவே காசு கேட்கிற ஆள், குடிக்கிற இடத்திலும் வண்டி பழுது பார்க்கிற இடத்திலும் "என் பெண்டாட்டி எங்கம்மாவுக்கு அழுதா பாருங்க, பெத்த பொண்ணுகூட அப்படி அழலை" என்று தானாக ஆரம்பித்தான். வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு "பைபிச்சே" என்றான், வீட்டுக்காரிக்கு மரியாதையாகச் சொல்கிற சொல். கணவாயிலிருந்து வந்தால் அவள் கையுறையைத் தானே அடுப்பருகில் உலர்த்திக் கொடுத்தான். அந்தக் கையுறையைப் போடும்போதெல்லாம் அவளுக்குக் கை கூசும். தன்னுடையதல்லாத ஒன்றைத் திருடிப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும்.

இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முதல் தடவை நோய் அழுதது. அடுத்த தடவை அவள் அழ வைத்தாள். தெருவில் ஒரு சாவு. "ஜூராகான் வந்திருக்கா" என்று பெண்கள் நகர்ந்து மேலிடத்தில் இடம் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள். இஷெனாலியின் கோட்டுப் பையில் எப்போதும் நாலைந்து குரூத் உருண்டை கிடக்கும், வண்டியில் போகும்போது வாயில் போட. அதில் ஒன்றை எடுத்து வந்திருந்தாள். கடைவாயில் அடக்கினாள். கொட்டியது. அதன் பிறகு எத்தனை சாவு என்று அவள் கணக்கு வைக்கவில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வந்து கொல்லையில் வாயைக் கொப்பளித்துத் துப்புவாள். மனிதர்களின் நிஜமான துக்கத்துக்கு நடுவில் தயிர்க்கட்டியைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்த தன்னை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருக்கும்.

இந்த வருஷம் மகள் பெகிமாய்க்குச் சம்பந்தம் கூடி வந்தது. பெகிமாய் பிஷ்கெக்கில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். இலையுதிர்காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். ஆட்டின் வால் கொழுப்பும் ஈரலும் சேர்த்துச் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஊட்டி, எல்லோர் முன்னாலும் மென்று காட்டினால்தான் சம்பந்தம் உறுதி. பெண்ணைப் பெற்றவள் அன்றைக்குச் சமாவர் பக்கம் ஒளிய முடியாது.

பெகிமாய் போனில் சொன்னாள்: "அம்மா, நீ தனியா சாப்பிடறப்போ கண்ணுல தண்ணி வர்றதை நான் சின்ன வயசுலேயே பார்த்திருக்கேன். நீ அழறேன்னு நினைச்சுப் பயந்து கேக்காம இருந்தேன். இப்ப எங்க கடைக்கு வர்ற டாக்டரம்மா ஒருத்தங்க சொன்னாங்க, அதுக்கு வைத்தியம் இருக்காம். முகம் கோணினவங்களை மட்டுமே பார்க்கிறவங்க. சம்பந்தி ஊட்டறப்போ நீ அழுதா அவங்க என்ன நினைப்பாங்க? பொண்ணைக் கொடுக்க இஷ்டமில்லைன்னுதானே? வாம்மா. நாள் குறிச்சாச்சு."

"நான் பஸ்ல வரேன். எனக்கு டிக்கெட்டா கிடைக்காது?"

"அப்பாகிட்ட சொல்லிட்டேன். கார்ல கூட்டிட்டு வராராம்."

ஜூராகான் போனை வைத்தாள். வைத்தியர் கேட்பார், எத்தனை வருஷமாக என்று. பதினாறு என்று சொல்ல வேண்டும். மாமியார் செத்து எட்டு வருஷம். இதைக் கழித்துப் பார்க்க இஷெனாலிக்குப் படிப்பு வேண்டாம்.

"பனி தள்ற வேலையை விட்டுட்டு நீங்க எதுக்கு வரணும்?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஜூன் மாசத்துல எந்தப் பனியைத் தள்ள, பைபிச்சே?" என்றான் அவன்.

கணவாய் ஏறி, கொச்கோர் தாண்டி, போம் பள்ளத்தாக்கில் இறங்கி ஆறு மணி நேரம். வழியில் அவன் நீட்டிய ரொட்டியை வேண்டாம் என்றாள். வைத்தியசாலையில் அவனை வராந்தா நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். டாக்டர் தமீரா, நாற்பது வயதுக்காரி, கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, நீங்களும் வாங்க. வீட்டுல பயிற்சி செய்யறப்போ ஒரு ஆள் எதிர்ல உட்கார்ந்து பார்க்கணும்."

தமீரா அவளைச் சிரிக்கச் சொன்னாள், புருவத்தைத் தூக்கச் சொன்னாள், சீட்டி அடிக்கச் சொன்னாள். பதினாறு வருஷமாக மூடி வைத்ததை வெள்ளை விளக்குக்கு அடியில் பிரித்துப் போட்ட மாதிரி இருந்தது. இஷெனாலி சுவரோரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கண்ணாடி முன்னால நின்னு பல்லைக் கடிச்சு இழுத்தீங்களா, அக்கா?"

"கொட்டகையில. நாலு மாசம்."

"எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க. செத்த நரம்பு திரும்ப முளைக்கிறப்போ வழி தெரியாம முளைக்கும். வாய்க்குப் போக வேண்டிய இழை கண்ணுக்குப் போயிடும். எச்சில் சுரக்கச் சொல்ற இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போயிடும். நாம வெறி பிடிச்ச மாதிரி இழுத்தா அந்தத் தப்பு வழியே இன்னும் கெட்டிப்படும்."

அது ஜூராகானுக்குச் சட்டென்று புரிந்தது. கொச்கோர் டிக்கெட் வாங்கினவனை அட்பாஷி பஸ்ஸில் ஏற்றிவிட்ட கதை.

"உங்க முகம் செத்துப் போகலை," என்றாள் தமீரா. "அளவுக்கு மேல வேலை செய்யுது. அசையவே அசையாத முகம்னா தொடையிலிருந்து தசை எடுத்து வைக்கிறாங்க, அது உங்களுக்கு வேண்டாம். தப்பா இழுக்கிற கிளையைத் தேடி வெட்டற ஆபரேஷனும் இருக்கு, அதுக்கும் அவசரமில்ல. மொதல்ல ரெண்டு வேலை. ஒண்ணு, கண்ணைச் சுத்தி, மோவாயில, அப்புறம் கண்ணீர்ச் சுரப்பில மெல்லிசு ஊசி. ஒரு வாரம் கழிச்சுத்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும், மூணு நாலு மாசம் தாங்கும், மறுபடி போடணும். ரெண்டாவது, கண்ணாடிப் பயிற்சி. இழுக்கக் கூடாது. உதட்டை ரொம்ப மெதுவா, கொஞ்சமே கொஞ்சம் குவிச்சு, கண்ணைத் திறந்தே வச்சுக்கப் பழகணும். மாசக்கணக்காகும். எந்த வார்த்தைக்கு அதிகமா மூடுது?"

அவள் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "கொச்கோர்." கண் மூடியது. இஷெனாலி தரையைப் பார்த்துச் சிரித்தான். முலாம்பழக் கதை அவனுக்கும் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"சரி, கண்ணீரைப் பார்ப்போம். எதையாவது மெல்லணும். புளிப்பா ஏதாவது..." தமீரா மேசை இழுப்பறையைத் துழாவினாள்.

இஷெனாலி எழுந்து வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு குரூத் உருண்டையை எடுத்துப் பெண்டாட்டியின் உள்ளங்கையில் வைத்தான். வைத்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. அங்கேயே நின்றான்.

ஓடிவிடலாமா என்று இருந்தது. மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள். புளிப்பு நாக்கில் பட்டதே போதுமாக இருந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி மோவாயிலிருந்து சொட்டியது.

"எத்தனை வருஷமா?"

"பதினாறு," என்றாள். தலை நிமிரவில்லை. புருஷனின் சப்பாத்து நுனி மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

ஊசி போட்டு முடிந்தது. தேய்க்கக் கூடாது, சாயங்காலம் வரை படுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பெகிமாயைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். போம் பள்ளத்தாக்கு முழுக்க இஷெனாலி ஒரு வார்த்தை பேசவில்லை. கழித்துப் பார்க்கிறான் என்று அவள் நினைத்தாள். எட்டு வருஷமாகச் சொல்லித் திரிந்த ஒவ்வொரு இடத்தையும் நினைத்துப் பார்க்கிறான். தன் பெண்டாட்டி தன்னை ஊருக்கு முன்னால் முட்டாளாக்கிவிட்டாள் என்று தெரிந்த மனிதன் இப்படித்தான் வண்டி ஓட்டுவான்.

கொச்கோரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினான். இன்னும் வெயில் இருந்தது. உள்ளே சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல அதற்கு நேராக உட்கார்ந்தான், அவளுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு. இரண்டு கிண்ணம் சோர்ப்பா சூப் வந்தது, கொழுப்பு மிதக்க, நடுவில் எலும்போடு. அவள் கிண்ணத்தைத் தொடவில்லை.

"ஏங்க," என்றாள். "சொல்லிடறேன். அன்னிக்கு உங்கம்மாவுக்கு நான் அழலை."

"தெரியும்." கண் டிவியில் இருந்தது.

"இன்னிக்குத்தானே தெரிஞ்சுது."

"இல்ல." ரொட்டியைப் பிய்த்தான். பிய்த்ததைச் சாப்பிடாமல் மேசையில் வைத்தான். "எலும்பை யார் அனுப்பினாங்கன்னு நினைச்சே?"

"பெரியவங்க."

"எந்தப் பெரியவங்க? நான்தான் அனுப்பினேன். பெரியவங்க பேரைச் சொல்லச் சொன்னதும் நான்தான். கூடாரத்துக்கு வெளியே நின்னா உள்ளே பேசறதெல்லாம் கேக்கும். பாத்திஷ் பேசினது கேட்டுது. இன்னும் ஒரு ராத்திரி போனா உன்னைக் கிழிச்சிருப்பாங்க. நீ மென்னா அழுவேன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மொத வருஷமே பார்த்துட்டேன். கதவுகிட்ட நின்னு. நீ அவசர அவசரமா தின்னுக்கிட்டே தலைக்குட்டையால துடைச்சே. நீ மறைக்கறேன்னு தெரிஞ்சுது. அப்புறம் நான் டிவி பக்கம் திரும்பிட்டேன். நான் பார்க்காட்டி நாலு வாய் நிம்மதியா சாப்பிடுவேன்னு."

நிம்மதி வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம்.

"நான் என்ன அடிபம்பா? தண்ணி வேணும்னா அடிச்சு எடுத்துக்க?"

அவன் பிய்த்த ரொட்டியை மேசையில் உருட்டினான்.

"எட்டு வருஷம்! உங்களை ஏமாத்திட்டேன்னு எட்டு வருஷமா செத்துக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு சாவுக்கும் உங்க கோட்டுல இருந்து குரூத்தைத் திருடி..."

"அதான் எப்பவும் நாலு இருக்கிற மாதிரி பார்த்துக்கிட்டேன்," என்றான் மெதுவாக.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திருடினதாக நினைத்தது தெரிந்தே வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கொல்லையில் வாய் கொப்பளித்ததையும் இவன் பார்த்திருப்பான். அவள் ஒளிந்திருந்த இடங்களில் எல்லாம் இவன் முன்கூட்டியே உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்ல? சொன்னா பார்த்தேன்னு ஆயிடும். அப்புறம்..." தொப்பியைக் கழற்றினான். வழுக்கைத் தலை சிவந்திருந்தது. "உன் நோயை எடுத்து என் வீட்டு மானத்துக்கு முட்டுக்கொடுத்தேன். அதை எந்த வாயால சொல்றது? அம்மா உன்னைப் பேசினப்போ ஒரு நாள் வாயைத் திறந்தேனா? செத்த பிறகு எலும்பு அனுப்பினேன், பெரிய வீரன். அதான் ஊர் பூரா உன்னைப் பத்திப் பெருமை பேசினேன். பொய் நிக்கணுமில்ல. இன்னொண்ணு கேளு. நானும் அழலை."

"நீங்களா? மூணு நாள் கத்தினீங்களே."

"கத்தினேன். தடியில நெத்தியை முட்டுக்கொடுத்து, கீழே பார்த்துக்கிட்டு. ஆம்பளைக்குச் சத்தம் போதும், தொப்பியைத் தூக்கி யாரும் பார்க்க மாட்டாங்க. உன்கிட்டதான் தண்ணி கேட்டாங்க."

டிவியில் யாரோ யாரையோ தூக்கிப் போட்டார்கள், கூட்டம் ஆர்ப்பரித்தது. இருவருமே பார்க்கவில்லை.

"ஊசி வேலை செஞ்சா அந்தத் தண்ணி சுத்தமா நின்னுடுமா?" என்று கேட்டான்.

"சாப்பிடறப்போ வர்றது நின்னுடும்னாங்க."

"அப்போ நாளைக்கு நான் போயிட்டா கஷ்டம்தான். எலும்பு அனுப்பவும் ஆள் இருக்காது, அனுப்பினாலும் வராது."

"கவலைப்படாதீங்க," என்றாள் ஜூராகான். "நான் கூடாரத்துக்கு வெளியே வந்து ஆம்பளைங்க வரிசையில தடியோட நின்னுக்கறேன். அங்கே சத்தம் போதுமில்ல."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தொப்பியை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டான். ரொம்ப நேரம் அதை எடுக்கவே இல்லை. தோள் குலுங்கியது. அம்மாவுக்கு வராதது இப்போது வந்திருந்தது, எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. பரிமாறுகிற பெண் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். நாற்காலியைத் தூக்கி, டிவிக்கு முதுகு காட்டி, அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"சாப்பிடு. ஆறிடுச்சு."

"அங்கே பாருங்களேன்."

"மாட்டேன். டாக்டர் என்னைத்தான் எதிர்ல உட்காரச் சொன்னாங்க."

தலைக்குட்டையை இழுக்கக் கை போனது. பாதியில் நின்றது. எலும்பைக் கையில் எடுத்தாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷன் பார்க்கப் பார்க்க, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, கடித்தாள். வலது கண்ணிலிருந்து கண்ணீர் இறங்கியது. வெட்கமாக இருந்தது, காது வரை எரிந்தது. அவன் கண்ணை எடுக்கவில்லை. அவள் மென்றுகொண்டே இருந்தாள்.